டேவிட் போவி கண்காட்சி: போனவர்கள் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

2018 ஜூன், நியூயார்க், புரூக்ளின் மியூசியம். பிரிட்டிஷ் ராக் பாடகர் டேவிட் போவியைப் பற்றி, லண்டனில் தொடங்கி ஐந்து வருடமாக ஊர் ஊராகச் சுற்றிய 'டேவிட் போவி இஸ்' கண்காட்சி, 12வது இடமாக, கடைசியாக வந்து சேர்ந்தது அங்கேதான். ஜூலை 15ஆம் தேதியோடு முடிகிறது என்று தெரிந்ததும் லீவு போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

நுழையும்போதே ஹெட்போன் கொடுத்துவிடுகிறார்கள். பொத்தான் எதையும் அழுத்த வேண்டியதில்லை. எந்தப் பொருளின் பக்கத்தில் போய் நிற்கிறோமோ, அதற்குரிய பாட்டோ பேட்டியோ தானாகக் காதில் வரும். இரண்டு அடி நகர்ந்தால் அது தேய்ந்து அடுத்தது எழும். அவ்வளவு கூட்டத்திலும் பேச்சுச் சத்தமே இல்லை. பக்கத்தில் நிற்பவர் வேறொரு பாட்டில் இருப்பார். அவர் விரலால் தொடையில் தட்டுவதைப் பார்த்து, எந்தப் பாட்டாக இருக்கும் என்று யோசித்துக்கொண்டே நானும் நகர்ந்து போவேன்.

உடைகளைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். ஜப்பானிய உடை வடிவமைப்பாளர் கான்சாய் யமமோட்டோ 1973இல் வடிவமைத்த அந்தக் கறுப்பு வெள்ளை வினைல் உடை நேரில் இன்னும் பிரமாண்டம், சந்தேகமே இல்லை. ஆனால் என்னை நிறுத்தி வைத்தது ஒரு டிஷ்யூ காகிதம். 1974இல் போவி மேக்கப் போட்டுவிட்டு உதட்டுச் சாயத்தை ஒற்றி எடுத்தது. உதட்டின் வரிகள் அப்படியே பதிந்திருந்தன. அப்புறம், ஒரு சாவி. போதைப் பழக்கம் உடம்பை உருக்கிக்கொண்டிருந்த லாஸ் ஏஞ்சலஸ் வாழ்க்கையை விட்டுவிட்டு, 1976இல் மேற்கு பெர்லினுக்குப் போனார் இல்லையா, அங்கே ஷோனபெர்க் பகுதியில் குடியிருந்த வீட்டின் சாவி. வீட்டைக் காலி செய்த பிறகும் நாற்பது வருடமாக ஒரு வீட்டுச் சாவியைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார்! எந்தப் பாட்டைக் கேட்டும் அழாத நான் அங்கே அழுதுவிட்டேன்.

நீங்கள் எங்கே, எப்போது பார்த்தீர்கள்? எதன் முன்னால் நின்றுவிட்டீர்கள்?

* * *

சாவியைப் பற்றிப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் பார்த்தது 2013இல், லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தில். அப்போது போவி உயிரோடு இருந்தார். பத்து வருட மௌனத்துக்குப் பிறகு அந்த மார்ச் மாதம்தான் புது ஆல்பம் வந்திருந்தது. அதே மாதம் 23ஆம் தேதி கண்காட்சியும் திறந்தது. எல்லார் முகத்திலும் ஒரு கொண்டாட்டக் களை. ஒருவேளை மனிதர் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு இந்தக் கூட்டத்தில் எங்காவது நிற்கிறாரோ என்று நான் இரண்டு முறை திரும்பிப் பார்த்தேன், நிஜமாகவே.

கடைசி அறையில் ஹெட்போன் தேவையில்லை. உயரமான சுவர்கள் முழுக்கக் கச்சேரிக் காட்சிகள். நடுவயது தாண்டிய ஒரு தம்பதி கை கோத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். நான் இரண்டு சுற்று பார்த்துவிட்டு வெளியே வரும்போதும் அவர்கள் எழுந்திருக்கவில்லை.

2016 ஜனவரி 10 அன்று அவர் போய்விட்டார். 69வது பிறந்தநாள் முடிந்து இரண்டே நாள். கண்காட்சி அப்போது நெதர்லாந்தில் குரோனிங்கன் நகரில் நடந்துகொண்டிருந்தது. அதே பொருட்கள், அதே கண்ணாடிப் பெட்டிகள், ஆனால் ஒரே இரவில் எல்லாமே வேறாகிவிட்டிருக்கும். நீங்கள் பார்த்த சாவியும் நான் பார்த்த சாவியும் ஒன்றில்லை என்றுதான் தோன்றுகிறது. நான் அதைப் பார்த்துவிட்டு, 'ஓ, பெர்லின்' என்று சொல்லிக்கொண்டு நடந்து போய்விட்டேன்.

* * *

இருவருக்கும் நன்றி. என்னால் அந்தக் கண்காட்சிக்குப் போக முடியவில்லை. அந்த ஏக்கம் பல வருடம் இருந்தது. லண்டனில் ஒலிம்பிக் பூங்காவில், அதே விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தின் கிளையான வி அண்ட் ஏ ஈஸ்ட் ஸ்டோர்ஹவுஸில், 2025 செப்டம்பர் 13 அன்று டேவிட் போவி சென்டர் திறந்தார்கள். போவி சேர்த்து வைத்த 90,000க்கும் மேற்பட்ட பொருட்களுக்கு இனி அதுதான் நிரந்தர வீடு. நுழைவுக் கட்டணம் கிடையாது.

கண்ணைப் பறிக்கும் திரைகளை எதிர்பார்த்துப் போகாதீர்கள். இது அடிப்படையில் ஒரு சேமிப்புக் கிடங்கு. காட்சிக்கு வைத்திருப்பது சுமார் இருநூறு பொருட்கள்தான். ஆனால் நமக்கு வேண்டியதை முன்கூட்டியே கேட்டுப் பதிவு செய்தால் எடுத்து வந்து காட்டுகிறார்கள். நான் கேட்டது, 1997இல் தன் 50வது பிறந்தநாள் கச்சேரிக்காக உடை வடிவமைப்பாளர் அலெக்சாண்டர் மெக்வீனோடு சேர்ந்து அவர் உருவாக்கிய கோட். நடுவில் கண்ணாடி இல்லை. தோள்பட்டை எவ்வளவு குறுகல் தெரியுமா! மேடையில் அத்தனை பெரிய ஆளாகத் தெரிந்தவர்.

அங்கே என் மனதை உலுக்கியது இன்னொன்று. 1968இல் பீட்டில்ஸ் குழுவின் இசை நிறுவனமான ஆப்பிள் ரெக்கார்ட்ஸ் அவரை வேண்டாம் என்று எழுதிய கடிதம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், நியூயார்க்கில் அவர் பூட்டியே வைத்திருந்த அறையின் சுவரில் ஒட்டியிருந்த குறிப்புச் சீட்டுகள். 18ஆம் நூற்றாண்டு லண்டனை வைத்து ஓர் இசை நாடகம் எழுதத் திட்டமிட்டிருக்கிறார். அவர் இறந்த பிறகுதான் அது வெளியே தெரிந்தது. நோய் முற்றிக்கொண்டிருந்த காலத்தில், அடுத்த வேலைக்காக உட்கார்ந்து படித்து, சின்னச் சின்னச் சீட்டில் குறிப்பெடுத்திருக்கிறார். நான் குனிந்து ஒவ்வொரு சீட்டாகப் படித்தேன்.

* * *

கோட் பற்றி எழுதியவருக்கு: இது எனக்குத் தெரியவே தெரியாது, ரொம்ப நன்றி. உடனே அவர்கள் இணையதளத்தில் போய்ப் பார்த்தேன். ஒரு முறைக்கு ஐந்து பொருள் வரை கேட்கலாமாம், இரண்டு வாரம் முன்னதாகச் சொல்ல வேண்டும். மற்ற நான்கை இன்னும் முடிவு செய்யவில்லை. முதல் வரியில் சாவி என்று எழுதி வைத்துவிட்டேன்.