ஃபேரி கிரீக் முதுமரங்கள்: வெட்டலாமா, விடலாமா?

கடம்பன்:
கனடாவின் வான்கூவர் தீவில், ஃபேரி கிரீக் என்ற காட்டுப் பள்ளத்தாக்கில், மரம் வெட்டுவதை எதிர்த்தவர்கள் 2020 ஆகஸ்டில் சாலையை மறித்து உட்கார்ந்தார்கள். கைதானவர்கள் 1,100 பேருக்கு மேல். எல்லாம் அந்தப் பழைய சிடார் மரங்களுக்காக. அந்தக் கடலோரத்தில் 250 வயது தாண்டினால்தான் முதுகாடு என்று கணக்கு. 'வெட்டினால் என்ன, நாற்று நடுகிறோமே' என்கிறவர்கள் 2270 வரை காத்திருப்பார்களா?

நனைமோவாசி:
அந்தத் தீவில் நாலு வருடம் வேலை பார்த்தவன் நான். விழுந்த மரத்தை இழுத்துப்போகக் கம்பிவடம் மாட்டுகிற வேலை. ஊதல் சத்தம் கேட்டதும் ஓடி ஒதுங்க வேண்டும், கட்டை எந்தப் பக்கம் புரளும் என்று சொல்ல முடியாது. பூட்ஸுக்கு அடியில் ஆணி இல்லாவிட்டால் பட்டை உரிந்த கட்டையில் ஒரு அடி நடக்க முடியாது. அந்தச் சம்பளத்தில்தான் அங்கே வீட்டுக்கடன் கட்டுகிறார்கள். மறிக்க வந்தவர்களுக்கு இது தெரியுமா?

கடம்பன்:
நீங்களே சொல்லிவிட்டீர்கள். அமெரிக்கக் கணக்கில் 2022இல் மரம் வெட்டும் தொழிலில் லட்சத்துக்குச் சுமார் 100 பேர் சாவு. எல்லாத் தொழிலும் சேர்த்தால் 3.7. இந்த வேலையைக் காப்பாற்றவா காட்டை அழிக்கிறோம்?

நனைமோவாசி:
பழைய மரம்தான் அதிக ஆபத்து, ஒத்துக்கொள்கிறேன். சாய வேண்டிய பக்கம் ஆப்பு மாதிரி ஒரு துண்டை எடுத்துவிட்டு, எதிர்ப்பக்கத்திலிருந்து அறுத்து வருவார்கள். நடுவில் கொஞ்சம் அறுக்காமல் விடுவதுதான் கீல், மரத்தைப் பிடித்துத் திருப்புவது அதுதான். கிழட்டு சிடார் வெளியே பாறை மாதிரி இருக்கும், உள்ளே பொந்து. கீல் எங்கே பிடிக்கும்? மேலே பட்டகிளை ஏதாவது சிக்கித் தொங்கும். அதற்கு 'விதவையாக்கி' என்றே பெயர். எங்கள் குழுவில் மூத்தவர் ஒருவர் செயின்சாவைத் தொடும் முன் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நிற்பார். அப்புறம் பின்பக்கமாகச் சாய்வாக ஓடுவழி ஒன்றைச் செதுக்கிவைப்பார். ஒருநாள் அவர் நின்ற இடத்திலேயே தொடை கனத்துக் கிளை ஒன்று செருகி நின்றது. அவர் நாலு எட்டு தள்ளி, தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டிருந்தார்.

ஆனால் சமதரையில் இருக்கிற இளங்காட்டை, கூண்டுக்குள் உட்கார்ந்த ஒரே ஆள் இயந்திரத்தால் வெட்டிவிடுவான். ஆபத்து போகும், கூடவே மற்றவர்கள் வேலையும் போகும்.

கடம்பன்:
அப்படியென்றால் வேலையைப் பறிப்பது இயந்திரம். மறியல்காரர்கள் மேல் ஏன் கோபம்?

மழைக்காகம்:
அண்ணன்மாரே, நிலத்துக்காரர்களை இரண்டு பேரும் விட்டுவிட்டீர்கள். அது பச்சீடாட் பழங்குடியினர் மண். அவர்களின் தலைமை 2021 ஏப்ரலில் மறியல்காரர்களைப் போகச் சொன்னது. ஜூனில் அண்டையில் உள்ள இரண்டு இனங்களோடு சேர்ந்து, இரண்டு வருடம் முதுகாட்டில் மரம் வெட்டுவதை நிறுத்தச் சொன்னதும் அதே தலைமைதான். அதே இனத்து மூத்தவர் பில் ஜோன்ஸோ மறியல் பக்கம் நின்றார். அவர்களுக்குள்ளேயே ஒரே குரல் இல்லை.

நனைமோவாசி:
சரி, முடிவு அவர்களுடையது. அதில் எனக்குச் சண்டை இல்லை. என்னோடு வடம் மாட்டியவன் இப்போது ஆல்பர்ட்டாவில் எண்ணெய் வயலில் இருக்கிறான். மகளை மாதம் ஒருமுறைதான் பார்க்கிறான். அவனுக்கு என்ன பதில் வைத்திருக்கிறீர்கள், கடம்பன்?