திரவ இழையமா, நீரிடைத் திசுவா?

> ரத்தத்தை ‘திரவ இணைப்புத் திசு’ன்னாலே புரியுதே, புதுசா எதுக்கு இன்னொரு சொல்லு?

புரியற மாதிரி இருக்கும் ஐயா, ஆனா இடிக்கும். அதனாலதான் ‘நீரிடைத் திசு’ன்னு ஒண்ணு சொல்றேன். நம்ம பாடப் புத்தகத்துல இணைப்புத் திசு, இலங்கையில தொடுப்பிழையம், ரெண்டும் ஒண்ணுதான், இழையம்னா திசு. சிக்கல் என்னன்னா அங்க பிளாஸ்மாவுக்கே, அதாவது ரத்தத்துல செல்லுங்க போக மிச்சமிருக்கற திரவத்துக்கே, ‘திரவவிழையம்’னு பேரு இருக்கு, இப்ப ரத்தத்தையும் நாம திரவ இழையம்னு சொன்னா முழுசுக்கும் அதுல ஒரு பாகத்துக்கும் ஒரே பேராயிடும். பிளாஸ்மா திசுவே கிடையாது, அதுல செல்லு ஏது?

நான் லேப்ல நிக்கறவன், தினம் பாக்கறதுதான். ஊதா மூடி டியூப்ல இருக்கற ரத்தத்தை சென்ட்ரிஃபியூஜ்ல போட்டு சுத்தி எடுத்தா மேல பாதிக்குக் கொஞ்சம் கூடவே வைக்கோல் கலர்ல தெளிஞ்சு நிக்கும், அடியில செவப்பு, நடுவுல நூலாட்டம் வெள்ளைப் படலம். அந்த மேல்தண்ணிதான் செல்லுகளுக்கு நடுவுல நிரம்பியிருந்த இடைப்பொருள். எலும்புல அதே இடத்துல கால்சியம் ஏறி கல்லாட்டம் இருக்கு, குருத்தெலும்புல ரப்பராட்டம், இங்க தண்ணி. இணைப்புத் திசுன்னா நார் இருக்கணுமே, அது எங்கன்னு பசங்க கேப்பாங்க, ஃபைப்ரினோஜென்னு ஒரு புரதமா கரைஞ்சு கெடக்கு, வெட்டுப்பட்டாத்தான் நாரா பின்னிக்கும்.

அடுத்து, ரத்தத்தை உடல் திரவம்னு சொல்லலாமாங்கறது. 70 கிலோ ஆளு உடம்புல தண்ணி ஏறக்குறைய 42 லிட்டர், அதுல 28 செல்லுக்குள்ள, 14 வெளிய. வெளிய இருக்கற அந்த 14-லயும் பிளாஸ்மா 3 லிட்டர் போலத்தான். சிவப்பணுக்குள்ள இருக்கற தண்ணி அந்த 28-க்குப் போயிடும். அதாவது ஒரே ரத்தம் ரெண்டு கணக்குலயும் வருது, அதனால ரத்தம் ஒரு உடல் திரவம்னு பொத்தாம்பொதுவா எழுதினா கணக்கு உதைக்கும்.

டெங்கு சீசன்ல இது கண்ணுக்கே தெரியும். காலையில பிசிவி (ரத்தத்துல சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம்ங்கற கணக்கு) 40 இருந்த பையனுக்கு மறுநாள் 48. புதுசா செல்லு ஊறல, ரத்தக்குழாய் சுவரு வழியா பிளாஸ்மா கசிஞ்சு வெளிய போயிடுச்சு, செல்லுங்க மட்டும் உள்ள நெருக்கியடிச்சுக்கிட்டு நிக்குது. அவங்க அம்மா “ரத்தம் கூடிருச்சாப்பா”ன்னு சந்தோஷமா கேட்டாங்க, எனக்கு சட்டுன்னு சொல்ல ஒரு சொல்லு வரல. “ரத்தத்துல இருக்கற நீரு குறைஞ்சிருக்கும்மா”ன்னேன், அது புரிஞ்சுது.

அதான் என் யோசனை. உமிழ்நீர், சிறுநீர், பித்தநீர், பனிக்குடநீர்னு நம்மகிட்ட ஏற்கனவே ஒரு வரிசை ஓடுது, பிளாஸ்மாவை அதுல சேத்து ‘குருதிநீர்’னுடலாம். ரத்தத்தோட வகைக்கு ‘நீரிடைத் திசு’. இடையில நீரு உள்ள திசுன்னும் எடுக்கலாம், நீருக்கு இடையில செல்லு மிதக்கற திசுன்னும் எடுக்கலாம், ரெண்டுமே சரியா வருது. போன மடல்ல ஐயா சொன்ன ‘பாய்மத் திசு’ வேணாம், இயற்பியல்ல பாய்மம்னா காத்தும் சேந்துரும்.

ஒரு ஓட்டை இருக்கு, நானே சொல்லிடறேன். நிணநீரையும் இதே வகையிலதான் வைக்கணும், அது பேரோ ‘நீர்’னு முடியுது. பழகின பேரு, அதுல கை வெக்க நான் தயாரில்ல.

இலங்கை நண்பர்கள் ‘நீரிடைத் தொடுப்பிழையம்’னு ஒருதரம் வாய்விட்டு சொல்லிப் பாத்துட்டு எழுதுங்க, எனக்கு நாக்கு சுளுக்குது.