‘அளவிடல்’ போதாது: ‘அளவுகணிப்பு’ என்ற சொல்லுக்கு ஒரு முன்மொழிவு

அன்புள்ள குழுமத்தாருக்கு வணக்கம்.

வாங்கவிருக்கும் கணினிக்கு எவ்வளவு திறனும் இடமும் வேண்டும் என்று முன்கூட்டியே கணக்கிடுவதைக் குறிக்கும் ‘சைசிங்’ (sizing) என்பதற்குத் தமிழில் ‘அளவிடல்’ என்றே வைத்துக்கொள்ளலாம் என்று நம் குழுமத்தில் கருத்து ஏறக்குறைய ஒன்றுபட்டுவிட்ட நேரத்தில் மறுப்போடு வருவதைப் பொறுத்தருள வேண்டும். திருகோணமலையில் ஓர் அலுவலகத்துக்குக் காப்புப்பிரதி (தரவு அழிந்தால் மீட்க எடுத்துவைக்கும் பிரதி) மென்பொருளுக்கான சேவையகம் (server) வாங்குவதற்காக நான் எழுதிக்கொடுத்த விலைமனுக் கோரலில், ‘சேவையகத்தின் அளவிடல் விபரம் இணைக்கப்பட வேண்டும்’ என்று ஒரு வரி இருந்தது. வந்த பதில்களுள் ஒன்றில் பெட்டியின் அகலம், உயரம், ஆழம் மூன்றும் மில்லிமீற்றரில் வெகு துல்லியமாகத் தரப்பட்டிருந்தன. அனுப்பியவர் மீது பிழையில்லை. அளவிடல் என்றால் கண்முன் இருக்கும் பொருளுக்கு நாடா பிடிப்பது என்றுதானே எவரும் எண்ணுவார்?

நாம் கேட்பதோ இன்னும் வாங்காத இயந்திரம் இனி வரப்போகும் சுமையைத் தாங்குமா என்பதை. 10 டெராபைட் தரவு இருக்கிறது, அதில் நாளுக்கு 3 சதவீதம் மாறுகிறது, 30 நாட்களுள் எந்த நாளுக்கும் திரும்பிச் செல்ல வேண்டும் என்று கொள்வோம். முழுப்பிரதிக்கு 10, அடுத்த 29 நாட்களின் மாற்றங்களுக்கு 0.3 வீதம் 8.7, ஆக 18.7 டெராபைட், சுருக்கினால் இது குறையும். பெரும்பாலோர் இந்த இடத்தில் கணக்கை மூடிவிடுகிறார்கள். ஆனால் அந்த முழுப்பிரதியை இரவு 10 மணிக்கும் காலை 6 மணிக்கும் இடையிலான 8 மணித்தியாலத்துள் எடுத்து முடிக்க வேண்டுமானால் விநாடிக்கு ஏறத்தாழ 347 மெகாபைட் ஓட வேண்டும். 1 கிகாபிட் வலையிணைப்போ விநாடிக்கு 125 மெகாபைட்டுக்கு மேல் தராது என்பதால், வட்டில் இடம் தாராளமாக இருந்தும் வேலை 22 மணித்தியாலத்தைத் தாண்டிவிடும். ஒரே தரவு பலமுறை வந்தால் ஒருமுறை மட்டும் சேமிக்கும் இரட்டிப்பு நீக்கத்தை இயக்கினால் நினைவகமும் கணக்குக்குள் வரும்: இசட்எஃப்எஸ் (ZFS) என்னும் கோப்பு முறைமையில், தரவைப் பிரித்து வைக்கும் 128 கிலோபைட் தொகுதி ஒவ்வொன்றுக்கும் சுமார் 320 பைட் கொண்ட பதிவு தேவைப்படுவதால், ஒரு டெராபைட் தனித்தரவுக்கு இரண்டரை கிகாபைட் அளவு நினைவகம் அதற்கென்றே போய்விடும்.

இதே கணக்கைக் குழப்பும் இன்னொரு சொல், தரவு ஒரு கணத்தில் இருந்த நிலையைப் பதிந்துவைக்கும் ‘ஸ்னப்ஷொட்’டுக்குச் (snapshot) சிலர் எழுதும் ‘நகல்’. நகல் என்று படித்தவர் நாளுக்கொன்று என 7 நகலுக்கு 70 டெராபைட் கேட்பார். உண்மையில் அது எடுத்த கணத்தில் ஏறக்குறைய இடமே பிடிப்பதில்லை. மாறாத தொகுதிகளை மூலத்தோடு பகிர்ந்துகொண்டு, மாறியவற்றின் பழைய வடிவத்தை மட்டுமே வைத்திருக்கிறது. அதனாலேயே மூல வட்டுப் பழுதானால் அதுவும் கூடவே போய்விடும். ‘கணநிலைப்பதிவு’ என்று முன்னர் இங்கே வந்த சொல்லே எனக்கு உவப்பானது. அதைத் தனி இழையில் பேசுவோம்.

‘சைசிங்’குக்கு ‘மட்டுக்கட்டல்’ என்று இங்கே பரிந்துரைத்த அக்காவின் மடலை இரண்டு முறை படித்தேன். தம்பலகாமத்து வயற்காரர் அறுவடைக்கு முன் வரம்பில் நின்று, ஒரு கதிரைக் கையில் ஏந்திப் பார்த்து, ‘இந்தத் துண்டு இத்தனை மூடை காணும்’ என்று மட்டுக்கட்டி, அதற்கேற்பச் சாக்கு வாங்கி வைப்பார். இனி வரப்போவதற்கு இப்போதே இடம் தேடுவதை இதைவிட நன்றாகச் சொல்லும் சொல் நம்மிடம் இல்லை. ஆயினும் அது கண்மதிப்பு. பெருக்கலும் வகுத்தலும் அதற்குள் தெரிவதில்லை. தமிழ்நாட்டு வாசகருக்கு ‘மட்டுப்படுத்தல்’ நினைவுக்கு வந்து பொருள் தலைகீழாகும் ஆபத்தும் உண்டு. வாடிக்கையாளரோடு முதல்நாள் பேசும்போது வாய்க்கணக்காகச் சொல்வதற்கு மட்டுக்கட்டல் என்ற சொல்லையே வைத்துக்கொள்ளலாம். ஆவணத்துக்கு ‘அளவுகணிப்பு’ வேண்டும் என்பது என் கருத்து.

கணித்தல் என்பதில் கணக்கிடுதலும் முன்கூட்டி உரைத்தலும் சேர்ந்தே இருக்கின்றன. ‘கணிப்பு’ என்பதில் சோதிட வாடை அடிக்கிறது என்று குழுமத்தில் ஐயா ஒருவர் எழுதியிருந்தார். நாளுக்கு 3 சதவீதம் என்று நாம் எழுதுவதிலும் அந்த வாடை கொஞ்சம் உண்டுதான். அளவைக் கணித்தல் என்னும் இரண்டாம் வேற்றுமைத் தொகையாகக் கொண்டால் ஒற்று மிகாது. தேவைக்குக் குறைந்து போனதைக் ‘குறைகணிப்பு’ என்றும், காசைக் கொட்டிப் பெரிதாய் வாங்கியதை ‘மிகைகணிப்பு’ என்றும் கிளைக்கச் செய்யலாம்; ‘அளவிடல்’ இப்படிக் கிளைக்காது.

அடுத்த விலைமனுக் கோரலில் சேர்ப்பதற்கு எழுதி வைத்திருக்கும் வரைவிலக்கணம் இது, திருத்தித் தாருங்கள்:

‘அளவுகணிப்பு என்பது, காக்கப்பட வேண்டிய தரவின் அளவு, அதன் நாளாந்த மாற்றம், பிரதி எடுக்கக் கிடைக்கும் நேரம், பிரதிகளை வைத்திருக்க வேண்டிய காலம் ஆகியவற்றைக் கொண்டு, வாங்கவிருக்கும் சேவையகத்துக்கு வேண்டிய வட்டு, நினைவகம், செயலி, வலையிணைப்பு ஆகியவற்றைக் கணித்துக் கூறுதல். பெட்டியின் நீள அகலம் இதில் அடங்காது.’

அன்புடன்,
உவர்மலை, திருகோணமலையிலிருந்து