பினாங்கு தஞ்சோங் பூங்காவில் எடுத்த வாடகை வீடு, படத்தில் பார்த்த வீடே இல்லை. பணம் திரும்பக் கிடைக்குமா?

ஈப்போக்காரி:
வணக்கம், கொஞ்சம் அவசரம், தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அம்மாவைத் தண்ணீர்மலைக் கோயிலுக்கு அழைத்துப் போக வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. பள்ளி விடுமுறைக்கு தஞ்சோங் பூங்காவில் ஒரு கொண்டோ (அடுக்குமாடி வீடு) எடுத்தோம், நான்கு இரவுக்கு 1,120 வெள்ளி (ரிங்கிட்), முழுப் பணமும் செயலியிலேயே கட்டியாகிவிட்டது. மாலை நான்கு மணிக்குக் கதவைத் திறந்ததுமே சாக்கடை வாடை. படத்தில் கடல் தெரிந்த ஜன்னலுக்கு வெளியே கார் நிறுத்துமிடச் சுவர்தான் இருக்கிறது. ஏர்கோனைப் போட்டால் கட்டில் கால்மாட்டில் தண்ணீர் சொட்டுகிறது, மெத்தை விரிப்பைத் தூக்கினால் ஓரம் முழுக்க ஐந்து காசு அளவுக்குக் கறுப்புக் கறுப்பாகப் பூஞ்சணம். அம்மாவுக்கு இளைப்பு உண்டு. இப்போது பால்கனியில் நாற்காலி போட்டு முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், பார்க்கவே மனசு கேட்கவில்லை.

வீட்டுக்காரர் வாட்ஸ்அப்பில், "பிடிக்கவில்லை என்றால் செயலியில் ரத்து செய்துவிட்டுப் போங்கள், பாதிப் பணம் பேங்கில் போட்டுவிடுகிறேன்" என்கிறார். வாசல் காவலாளி கேட்டால் அவருடைய சொந்தக்காரர்கள் என்று சொல்லச் சொன்னதும் இப்போதுதான் உறுத்துகிறது. ரத்து செய்துவிடவா?

பட்டர்வொர்த்வாசி:
ரத்து பொத்தானைத் தொடவே தொடாதீர்கள்! நீங்களாக மனம் மாறிக் கிளம்பியதாகத்தான் பதிவாகும், அப்புறம் பாதிப் பணத்துக்கு அவர் வாய்வார்த்தை மட்டும்தான் மிஞ்சும். வாட்ஸ்அப் பேச்சை நிறுத்திவிட்டு, எல்லாவற்றையும் செயலிக்குள் இருக்கும் உரையாடலிலேயே எழுதுங்கள், படம் பிடித்து அங்கேயே போடுங்கள். சொட்டுகிற தண்ணீரை வீடியோ எடுங்கள். ஜன்னல், மெத்தை ஓரம் இரண்டையும் விளம்பரப் படத்தோடு சேர்த்து அனுப்புங்கள். அடுத்தது செயலியின் உதவிப் பிரிவுக்கு இன்றிரவே புகார். ஏர்பிஎன்பி என்ற வாடகை வீட்டுத் தளத்தில் குறையைப் பார்த்த 72 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும் என்பது விதி, நீங்கள் எடுத்த தளத்திலும் இப்படி ஏதாவது கெடு இருக்கும். வீட்டைக் காலி செய்துவிட்டுப் புகார் கொடுத்தால் நிரூபிப்பது கஷ்டம்.

கொண்டோ பராமரிப்பு:
படம் எடுத்து முடித்த பிறகு இதைச் செய்து பாருங்கள், இன்றிரவு அம்மா தூங்க வேண்டுமே. குளியலறைத் தரையில் தண்ணீர் போகும் துளைக்குக் கீழே வளைந்த ஒரு பகுதி இருக்கும், அதில் எப்போதும் தண்ணீர் நின்றால்தான் சாக்கடை வாடை மேலே வராது. வீடு பல நாள் பூட்டிக் கிடந்தால் அந்தத் தண்ணீர் வற்றிவிடும். ஒரு வாளித் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள், சமையலறைத் தொட்டியிலும் குழாயைத் திறந்துவிடுங்கள். ஏர்கோனை அணைத்து, மூடியைத் தூக்கி, வடிகட்டி வலையை எடுத்துக் கழுவுங்கள். தூசி அடைத்தால் உள்ளே ஐஸ் கட்டி, அது உருகித்தான் சொட்டும். கழுவியும் சொட்டினால் தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்கிறது, அதற்கு ஆள் வர வேண்டும். பூஞ்சணம் பிடித்த மெத்தையில் மட்டும் அம்மாவைப் படுக்க விடாதீர்கள்.

மோண்ட் கியாரா அக்கா:
சொந்தக்காரர் என்று சொல்லச் சொன்னாரே, அதையும் புகாரில் எழுதுங்கள் தங்கச்சி. அந்தக் கட்டடத்தில் தினவாடகைக்கு அனுமதி இல்லையோ என்று தோன்றுகிறது. 2020-இல் கோலாலம்பூரில் எங்கள் மோண்ட் கியாரா பக்கத்து வழக்கு ஒன்றில், குறுகிய கால வாடகையைத் தடுக்கக் கட்டட நிர்வாகத்துக்கு அதிகாரம் உண்டு என்று கூட்டரசு நீதிமன்றமே தீர்ப்பளித்துவிட்டது. காவலாளியிடம் நீங்கள் பொய் சொல்ல வேண்டாம். நாளை மாட்டிக்கொண்டு நிற்கப் போவது நீங்கள்தான்.

ஈப்போக்காரி:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடத்தில் வாடை பாதிக்கு மேல் குறைந்துவிட்டது! ஏர்கோன் வலையில் தூசி கம்பளி மாதிரி ஒட்டியிருந்தது, கழுவியும் சொட்டு நிற்கவில்லை, அதனால் காற்றாடி போட்டு அம்மாவை சோபாவில் படுக்க வைத்தோம். பதினொரு மணிக்கு உதவிப் பிரிவிலிருந்து பதில் வந்தது, படங்களைப் பார்த்துவிட்டு மீதி மூன்று இரவுக்கு 840 வெள்ளியைத் திருப்பித் தருவதாக எழுத்தில் கொடுத்திருக்கிறார்கள். காலையில் லெபோ பசார் பக்கம் ஒரு சின்ன ஹோட்டலுக்கு மாறிவிட்டோம், அம்மா இறங்கியதும் தோசை கேட்டுப் பசியாறினார். முதல் இரவின் 280 வெள்ளியை வீட்டுக்காரரிடம் கேட்க வழி உண்டா?

பட்டர்வொர்த்வாசி:
உண்டு. பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 வெள்ளி கட்டி மனு போடலாம், 50,000 வெள்ளி வரை அங்கே கேட்கலாம், வக்கீல் தேவையில்லை, மூன்று வருடம் வரை அவகாசம் இருக்கிறது. வீட்டுக்காரரின் முழுப் பெயரும் முகவரியும் வேண்டும், செயலியில் இருக்கும் ரசீதை இப்போதே இறக்கி வையுங்கள். எப்படி எழுதுவது என்று குழப்பமாக இருந்தால் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் கிரீன் லேனில்தான் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம். அப்புறம் தண்ணீர்மலையில் ஐந்நூறுக்கு மேல் படி இருக்கிறது, இளைப்போடு அம்மாவை ஏற்றாதீர்கள், கீழே சாலையோரம் நாட்டுக்கோட்டைச் செட்டியார் கோயில் இருக்கிறது, அங்கேயும் முருகன்தான்.