த்ரில்லர் வரிசைக்குப் படம் சொல்லுங்கள்
நண்பர்களே, த்ரில்லர் படங்கள் காலப்போக்கில் எப்படி மாறின என்று வரிசையாகப் பார்க்கத் தொடங்கியிருக்கிறேன். ஹிட்ச்காக்கின் 'ரியர் விண்டோ' (1954), 'சைக்கோ' (1960) இரண்டிலும் ஆபத்து எதிர்வீட்டிலும் குளியலறையிலும் இருக்கிறது. 'தி கான்வர்சேஷன்' (1974) படத்தில் பயம் ஒட்டுக்கேட்கும் கருவிக்கு இடம் மாறிவிடுகிறது. அது வெளிவந்தபோது அமெரிக்காவில் வாட்டர்கேட் விவகாரம் (அதிபர் நிக்சன் தரப்பினர் எதிர்க்கட்சி அலுவலகத்தை ஒட்டுக்கேட்க முயன்று சிக்கியது) சூடாக ஓடிக்கொண்டிருந்தது, மக்களுக்கு உறைத்திருக்கும். அப்புறம் 'செவன்' (1995) போலத் தொடர்கொலையாளிப் படங்கள்.

சிக்கல் 80களில்தான். 'பிளட் சிம்பிள்' (1984) தவிர எதை எடுத்தாலும் பாதி ஆக்‌ஷனாக இருக்கிறது. அந்தக் காலத்துக்கும் 2010க்குப் பிறகும் எதைப் பார்க்கலாம்? கடைசி நிமிடத் திருப்பத்தை மட்டும் நம்பும் படங்கள் வேண்டாம், அலுத்துவிட்டது. எந்த மொழியானாலும் சரி, முடிவை மட்டும் உடைத்துவிடாதீர்கள்.