பெண்களுக்கான டூர் டி பிரான்ஸ் 2022இல்தான் தொடங்கியதா?

பாலிக்பூலாவ் மிதிவண்டி:
அனைவருக்கும் வணக்கம். ஞாயிறு காலைகளில் பினாங்கின் தெலுக் பஹாங்கிலிருந்து பாலிக் பூலாவுக்கு மலைச்சாலையில் மிதிவண்டி ஓட்டும் எங்கள் குழுவில் ஒரு வாக்குவாதம். பெண்களுக்கான டூர் டி பிரான்ஸ் மிதிவண்டிப் பந்தயம் 2022ஆம் ஆண்டில்தான் பிறந்தது என்று இளையவர்கள் சொல்கிறார்கள். எண்பதுகளிலேயே பாரிசில் ஒரு பெண், மொத்த நேரத்தில் முன்னிலையில் இருப்பவர் அணியும் மஞ்சள் ஜெர்சியுடன் மேடையில் நின்ற படத்தைப் பார்த்திருப்பதாக எங்கள் மூத்தவர் அடித்துச் சொல்கிறார். எது சரி? முன்பே நடந்திருந்தால், அது ஏன் நின்றுபோனது?

செந்தூல்காரன்:
உங்கள் மூத்தவர் சொல்வதே சரி. 1984ஆம் ஆண்டு ஜூலையில், ஆண்கள் போட்டியை நடத்திய நிறுவனமே பெண்களுக்கும் 18 கட்டங்கள் (பெரும்பாலும் நாளுக்கு ஓர் ஓட்டம்) கொண்ட பந்தயத்தை நடத்தியது. ஆண்கள் வந்து சேரும் முன்பே அதே சாலையின் பிற்பகுதியில் பெண்கள் ஓடி முடித்துவிடுவார்கள் என்பதால், எல்லைக்கோட்டருகே காத்திருந்த கூட்டம் இரண்டையும் பார்க்க முடிந்தது. ஆல்ப்ஸ் மலைக் கட்டங்களில் முந்திச் சென்ற அமெரிக்க வீராங்கனை மரியான் மார்ட்டின் வெற்றி பெற்று, ஆண்கள் வெற்றியாளர் லோரான் ஃபீன்யோனுடன் பாரிஸ் மேடையில் நின்றார். மூத்தவர் பார்த்த படம் அதுவாக இருக்கலாம். மார்ட்டினுக்குக் கிடைத்த பரிசுத் தொகையோ ஏறத்தாழ 1,000 டாலர்தான். அடுத்த இரண்டு ஆண்டுகள் இத்தாலியின் மரியா கானின்ஸும், 1987 முதல் 1989 வரை பிரான்சின் ஜானி லோங்கோவும் வென்றார்கள். அத்துடன் செலவையும் ஆதரவாளர் பற்றாக்குறையையும் காரணம் காட்டி அந்தப் பந்தயத்தை நிறுத்திவிட்டார்கள்.

ஜெலுத்தோங் அக்கா:
தம்பி செந்தூல்காரன் 1984இலிருந்து தொடங்கிவிட்டார். அதற்கும் முன்னால், 1955இலேயே, பத்திரிகையாளரும் பந்தய அமைப்பாளருமான ஜான் லூலியோ பெண்களுக்காக ஐந்து கட்டப் போட்டி ஒன்றை நடத்தினார். மேன் தீவைச் சேர்ந்த மில்லி ராபின்சன் வென்றார். மறு ஆண்டு அது தொடரவில்லை.

என்னைக் கேட்டால், 1989க்குப் பிந்தைய இருபது ஆண்டுகளே இந்த வரலாற்றின் சோகமான பகுதி. பியேர் பூவே என்பவர் 1992 முதல் தனிப்பட்ட முயற்சியில் பெண்கள் பந்தயம் ஒன்றை நடத்தினார். டூர் நிறுவனம் பெயருரிமையைக் காட்டி எதிர்த்ததால், தொண்ணூறுகளின் பிற்பகுதியில் அதைக் ‘கிராண்ட் பூக்ல்’ என்று பெயர் மாற்ற வேண்டியதாயிற்று. ஃபாபியானா லுப்பெரினி, ஜோவான் சொமார்ரிபா, நிக்கோல் குக் போன்ற தலைசிறந்தவர்கள் வென்ற அந்தப் போட்டி, 2009இல் எம்மா பூலி வென்றபோது நான்கே கட்டங்களாகச் சுருங்கி, அதோடு முடிந்தது. தானும் நடத்தாமல், நடத்தியவருக்குப் பெயரையும் விட்டுக்கொடுக்காத நிறுவனத்தின் போக்கு எனக்கு இன்றும் உறுத்துகிறது.

பாலிக்பூலாவ் மிதிவண்டி:
நன்றி அக்கா, நன்றி செந்தூல்காரன். அப்படியானால் 2022இல் மட்டும் என்ன மாறியது? ஆதரவாளர் இல்லை என்று சொல்லி நிறுத்தியவர்கள்தானே அந்த டூர் நிறுவனத்தார்?

கிள்ளான் சாலை:
ஐயா, மாறியது தொலைக்காட்சி என்பது என் கருத்து. காட்டாத பந்தயத்துக்கு விளம்பரதாரர் வருவதில்லை. விளம்பரதாரர் இல்லாத பந்தயத்தைத் தொலைக்காட்சி காட்டுவதில்லை. 2013இல் மரியானே வோஸ், எம்மா பூலி, கேத்ரின் பெர்டின், கிரிஸ்ஸி வெலிங்டன் ஆகியோர் பெண்களுக்கும் டூர் வேண்டும் என்று தொடங்கிய மனுவில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் கையெழுத்திட்ட பிறகே, மறு ஆண்டில் பாரிஸ் ஷான்செலிசே வீதியில் ஒருநாள் போட்டி கிடைத்தது. 2020 முதல், உலகச் சுற்று எனப்படும் முதல்நிலைப் பெண்கள் போட்டிகள் குறைந்தது 45 நிமிடம் நேரலை தர வேண்டும் என்ற விதியும் வந்தது. 1988இலிருந்து நடந்துவந்த இத்தாலியின் பெண்கள் ஜீரோ மிதிவண்டிப் பந்தயமே நேரலை தராததால் 2021இல் ஒரு படி கீழே இறக்கப்பட்டது.

2022இல் எட்டுக் கட்டங்களுடன் டூர் திரும்பியபோது நெதர்லாந்தின் அனமீக் ஃபான் ஃப்ளூட்டன் வென்றார். 2024இன் கடைசிக் கட்டத்தை இங்கே நள்ளிரவை ஒட்டிப் பார்த்தவர்களுக்கு அந்த நேரலையின் மதிப்பு தெரியும். ஐந்தாம் கட்டத்தில் விழுந்து மஞ்சள் ஜெர்சியை இழந்திருந்த டெமி ஃபோலரிங், கிளாண்டோன் மலை ஏற்றத்திலேயே பிய்த்துக்கொண்டு போய், கட்டம் முடியும் ஆல்ப் டுவெஸ் மலை உச்சியை முதலில் எட்டினார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தபடி காத்திருக்க வேண்டியதாயிற்று; பின்னால் வந்த போலந்தின் காஸியா நியெவியாடோமா மொத்த நேரத்தில் வெறும் நான்கு விநாடி வித்தியாசத்தில் டூரை வென்றார்! ஆண்கள் போட்டியில்கூட இவ்வளவு நெருங்கிய முடிவு வந்ததில்லை. 1989இன் எட்டு விநாடிகளே அங்கு மிகக் குறைந்தது.

செந்தூல்காரன்:
உண்மைதான். ஆனால் பொலின் ஃபெரான்-பிரேவோ வென்ற 2025 போட்டிக்கு ஒன்பது கட்டங்கள். மார்ட்டின் ஓடிய 1984 போட்டிக்குப் பதினெட்டு. இதையும் உங்கள் குழுவின் இளையவர்களிடம் சொல்லுங்கள்.