புதியவர்களுக்கான வழிகாட்டி: தனித்தனிப் பக்கங்களா, ஒரே தொடரா?

வேம்பு:
வணக்கம். சிறிய நூலகங்களுக்கான புத்தகப் பதிவு மென்பொருள் ஒன்றை நாங்கள் சிலர் ஜாங்கோ என்ற பைத்தான் வலைச் சட்டகத்தில் எழுதித் திறந்த மூலமாக வெளியிட்டிருக்கிறோம். ரெஃபரன்ஸ் பக்கங்கள் ஓரளவுக்கு முழுமையாக இருக்கின்றன. புதிதாக வரும் டெவலப்பர்களுக்குத்தான் ஒன்றும் இல்லை. வருபவர்களில் பெரும்பாலோர் கல்லூரி மாணவர்கள். பைத்தான் கொஞ்சம் தெரியும், ஜாங்கோ அரைகுறை.

அவர்களுக்காக ‘எப்படிச் செய்வது’ என்ற வகையில் 14 பக்கங்கள் திட்டமிட்டிருக்கிறேன். நிறுவுவது, புத்தகப் பதிவில் புதிய புலம் சேர்ப்பது, டெம்ப்ளேட்டை மாற்றுவது, எக்செல் கோப்பிலிருந்து பட்டியலை ஏற்றுவது, தாமதக் கட்டணம் கணக்கிடுவது, இந்த மாதிரி. ஒவ்வொன்றையும் தனியாகப் படிக்கலாம், எதுவும் மற்றொன்றைச் சார்ந்திருக்காது. எழுத ஆரம்பிக்கும் முன் கேட்கிறேன்: எங்கே ஓட்டை?

கரிசல்:
தலைப்புகள் நல்ல தலைப்புகள்தான், ஆனால் புதியவருக்கானவை இல்லை. ‘புதிய புலம் சேர்ப்பது எப்படி?’ என்று ஒருவர் கேட்க வேண்டுமானால், தரவின் அமைப்பைச் சொல்லும் மாடல் என்று ஒன்று இருப்பதும் அதை மாற்றினால் தரவுத்தளத்தையும் அதற்கேற்ப மாற்றும் மைக்ரேஷன் ஓட்ட வேண்டும் என்பதும் அவருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். அது தெரிந்தவர் பாதித் தூரம் வந்துவிட்டார்.

ஜாங்கோவின் டாக்ஸ், அதாவது ஆவணங்களின், முகப்பிலேயே நான்கு வகையாகப் பிரித்திருக்கிறார்கள்: டுடோரியல், தலைப்புவாரி விளக்கம், ரெஃபரன்ஸ், எப்படிச் செய்வது. ஜாங்கோ குழுவில் இருந்த டானியேலே புரோசிடா இந்தப் பிரிவினையை விரித்து ‘டயாடாக்ஸிஸ்’ என்ற முறையாகவே வளர்த்தார். அதன்படி, எப்படிச் செய்வது பக்கம் வேலை தெரிந்தவர் ஒரு காரியத்தை முடிப்பதற்கு. டுடோரியல் ஒரு பாடம். படிப்பவர் கடைசிவரை போய்ச் சேர வேண்டிய பொறுப்பு எழுதுபவருடையது. முதல் வகையை எழுதி இரண்டாம் வகை வாசகர் கையில் கொடுக்கப் பார்க்கிறீர்கள். மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், 14 பக்கங்களைக் காட்டினால் எதில் தொடங்குவது என்பதே அவர்களுடைய முதல் கேள்வியாக இருக்கும். ஒரே தொடர் எழுதுங்கள்.

மரப்பாலம்:
கரிசல் அண்ணா, வகுப்பறையில் நீங்கள் சொல்வது சரி. அங்கே எல்லோரும் முதல் நாளே வருகிறார்கள், நீங்கள் பக்கத்தில் நிற்கிறீர்கள். இணையத்தில் அப்படி யாரும் வருவதில்லை. கூகுளில் பிழைச் செய்தியைப் போட்டு, உங்கள் தொடரின் ஐந்தாம் பாகத்தின் நடுவில் வந்து விழுவார்கள். ‘முந்தைய பாகத்தில் உருவாக்கிய கோப்பைத் திறக்கவும்’ என்று அங்கே எழுதியிருக்கும். அந்தக் கோப்பு அவரிடம் இருக்காது. பக்கத்தை மூடிவிட்டு அடுத்த தேடல் முடிவுக்குப் போய்விடுவார்.

நான் வாடிக்கையாளர் உதவிப் பிரிவில் வேலை செய்கிறேன். எங்களுக்கு வரும் கேள்விகள் எல்லாமே ‘இதை எப்படிச் செய்வது’ என்ற வடிவில்தான் வருகின்றன. ‘எனக்கு முதலிலிருந்து கற்றுக்கொடுங்கள்’ என்று யாரும் டிக்கெட் போடுவதில்லை. வேம்புவின் திட்டம் ஆட்கள் நிஜமாகவே வரும் வழியில் நிற்கிறது.

கரிசல்:
டிக்கெட் போடுகிறவர் உங்கள் பொருளை ஏற்கெனவே ஓட்டிக்கொண்டிருப்பவர், தம்பி. ஓட்ட முடியாமல் போனவர் டிக்கெட் போடவே மாட்டார்.

தொடர் ஏன் வேண்டும் என்று ஓர் உதாரணத்தோடு சொல்கிறேன். ஜாங்கோ டுடோரியலின் முதல் பாகத்தில் கருத்துக்கணிப்புச் செயலிக்கு முதல் வியூவை, அதாவது பக்கத்தைத் தரும் ஃபங்ஷனை, எழுதச் சொல்வார்கள். ஓட்டிப் பார்க்கும்போது பலர் முகவரியில் ‘போல்ஸ்’ என்ற கடைசித் துண்டை விட்டுவிட்டு முகப்புக்குப் போய் 404 வாங்குவார்கள். சரியாக அந்த இடத்தில் ஒரு பெட்டி போட்டிருக்கிறார்கள்: பக்கம் காணவில்லை என்று வந்தால், நீங்கள் போனது போல்ஸ் முகவரிக்கா, வெறும் முகப்புக்கா என்று பாருங்கள். இரண்டே வரி. படிப்பவர் இந்த நொடியில் எங்கே நிற்கிறார், திரையில் என்ன தெரிகிறது என்பது எழுதியவருக்குத் தெரியும் என்பதால்தான் அந்த இரண்டு வரி சாத்தியமாகிறது. தனித்தனிப் பக்கத்தில், வாசகர் எந்த நிலையில் வந்தார் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

சாரல்:
நான் மூன்றாம் ஆண்டு மாணவி. நீங்கள் இருவரும் பேசும் இடத்துக்கு வருவதற்கு முன்பே நாங்கள் நின்றுவிடுகிறோம். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

எங்கள் லேபில் எல்லாம் விண்டோஸ். பைத்தான் நிறுவாத கணினியில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து ‘பைத்தான்’ என்று தட்டினால் மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் திறக்கும். ஏன் கடை திறக்கிறது என்று புரியாது. அதைத் தாண்டினால் வெர்ச்சுவல் என்விரான்மென்ட், ஒரு திட்டத்துக்கான பேக்கேஜ்களைத் தனியாக வைக்கும் கோப்புறை. உருவாக்குவது வரை சரி, பவர்ஷெல்லில் ஆக்டிவேட் செய்யும் வரியைப் போட்டதும் சிவப்பு எழுத்தில், இந்தக் கணினியில் ஸ்கிரிப்ட் ஓட்டுவது முடக்கப்பட்டிருக்கிறது என்று வரும். விண்டோஸில் இயல்பான அமைப்பே அப்படித்தான். எந்த ஸ்கிரிப்டை ஓட்டலாம் என்று சொல்லும் எக்ஸிக்யூஷன் பாலிசியை உங்கள் பயனர் கணக்குக்கு மட்டும் ‘ரிமோட் சைன்ட்’ என்று மாற்றினால் சரியாகிவிடும், பைத்தானின் டாக்ஸிலேயே அது இருக்கிறது. ஆனால் லேபில் நிர்வாகி அந்த அமைப்பைப் பூட்டி வைத்திருந்தால் மாற்ற முடியாது. அப்போது பவர்ஷெல்லை விட்டுவிட்டு கமாண்ட் பிராம்ப்டில் ஆக்டிவேட் செய்யலாம். அல்லது ஆக்டிவேட் செய்யாமலே, என்விரான்மென்ட் கோப்புறைக்குள் ‘ஸ்கிரிப்ட்ஸ்’ என்பதில் இருக்கும் பைத்தானை நேராக ஓட்டலாம். ஆக்டிவேட் செய்வது கட்டாயமே இல்லை என்று ஒரு சீனியர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். எந்த வழிகாட்டியிலும் என் கண்ணில் படவில்லை.

வீட்டில் உபுண்டு லினக்ஸ் வைத்திருக்கும் தோழிக்கு வேறு கதை. 23.04 முதல் உபுண்டுவில் பைத்தான் பேக்கேஜ்களை நிறுவ நேரடியாக பிப் இன்ஸ்டால் போட்டால், இது வெளியிலிருந்து நிர்வகிக்கப்படும் சூழல் என்று சொல்லி மறுத்துவிடும். தேடினால் ‘பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்’ என்று ஒரு தெரிவைச் சேர்க்கச் சொல்வார்கள். ஆபத்து அதன் பெயரிலேயே இருக்கிறது, ஆனாலும் அவசரத்தில் எல்லோரும் அதைத்தான் காப்பி செய்கிறார்கள்.

வேம்பு அண்ணா, உங்கள் பட்டியலில் ‘நிறுவுவது’ ஒரே பக்கம், அதுவும் மற்றவற்றைப் போல ஒரு வரியாக இருக்கிறது. எங்களில் பாதிப் பேர் அந்தப் பக்கத்தோடு போய்விடுவார்கள்.

வேம்பு:
சாரல், இதைத்தான் கேட்க விரும்பினேன். நிறுவும் பக்கத்தை விண்டோஸ், உபுண்டு என்று இரண்டாகப் பிரிக்கிறேன். ஆக்டிவேட் செய்யாத வழியையே முதல் வழியாகக் காட்டலாமா என்றும் யோசிக்கிறேன்.

வடகரை:
14 பக்கங்களை யார் பராமரிப்பது? நிறுவும் பக்கம் இரண்டானால் 15 ஆகிவிட்டது.

ஜாங்கோ 2.0 வந்தது 2017 டிசம்பரில். முகவரிகளை எழுத ‘பாத்’ என்ற எளிய வழி அப்போதுதான் வந்தது. பழைய ‘யூஆர்எல்’ ஃபங்ஷன் 2021 டிசம்பரில் 4.0 வெளிவந்தபோது நீக்கப்பட்டுவிட்டது. ஆனாலும் பழைய வழிகாட்டிகள் தேடலில் இன்னும் வருகின்றன. அதைக் காப்பி செய்யும் மாணவருக்கு முதல் வரியிலேயே இம்போர்ட் பிழை. அந்தப் பக்கத்தை எழுதியவர் நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருப்பார். பராமரிக்கப்படாத வழிகாட்டி, வழிகாட்டியே இல்லாததைவிட மோசம், ஏனென்றால் படிப்பவர் பிழை தன்னுடையது என்று நினைத்துக்கொள்கிறார்.

ஃபாஸ்ட்ஏபிஐ என்ற இன்னொரு பைத்தான் சட்டகம் எப்படிச் செய்கிறது பாருங்கள். டாக்ஸில் வரும் ஒவ்வொரு உதாரணமும் தனி பைத்தான் கோப்பாக இருக்கிறது, அதற்கு டெஸ்ட் இருக்கிறது. நிரல் மாறி உதாரணம் உடைந்தால் டெஸ்ட் காட்டிக்கொடுத்துவிடும். இதைச் செய்ய முடிகிற அளவுக்கு மட்டும் எழுதுங்கள். ஐந்து பக்கம்தான் முடியும் என்றால் ஐந்தோடு நிறுத்துங்கள். எந்த ஜாங்கோ பதிப்பில் சோதித்தது என்பதை ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் போடுங்கள். 5.2 நீண்டகால ஆதரவுப் பதிப்பு, அதில் நிறுத்திக்கொண்டால் கொஞ்ச காலம் நிம்மதி.

மரப்பாலம்:
ஃபாஸ்ட்ஏபிஐ பற்றி வடகரை சொன்னது என் கட்சிக்கும் பொருந்துகிறது. அவர்களுடைய டுடோரியல் ஒன்றன்மேல் ஒன்றாக வளர்கிறது. ஆனால் தேவைப்பட்ட தலைப்புக்கு நேராகப் போய் வேலையை முடித்துக்கொள்ளும்படி பிரித்திருப்பதாக அவர்களே முன்னுரையில் சொல்கிறார்கள். வலை நிரலாக்கத்துக்கான எம்டிஎன் தளத்தின் கற்றல் பகுதியிலும் ஒவ்வொரு கட்டுரையின் மேலே ஒரு சிறு கட்டம் இருக்கும்: என்ன தெரிந்திருக்க வேண்டும், முடிவில் என்ன தெரியும். நடுவில் வந்து விழுந்தவர் அதைப் பார்த்து இருப்பதா, பின்னால் போவதா என்று முடிவு செய்யலாம். கரிசல் அண்ணா கேட்ட ‘எந்த நிலையில் வந்தார்’ என்ற கேள்விக்கு என் பதில் அந்தக் கட்டம்தான்.

கரிசல்:
அந்தக் கட்டத்தை ஏற்கிறேன். ஆனால் அதில் ‘மாடல், மைக்ரேஷன் தெரிந்திருக்க வேண்டும்’ என்று எழுதினால், அதைக் கற்றுத்தரும் பக்கம் உங்கள் தளத்தில் எங்கே? அதனால் தொடர்தான் முதலில் வர வேண்டும் என்பதில் நான் மாறவில்லை.

தொடரின் வரிசையும் முக்கியம். பெண்களுக்கு நிரலாக்கம் கற்றுத்தரும் ஜாங்கோ கேர்ள்ஸ் 2014-ல் பெர்லினில் ஒரு பயிலரங்காகத் தொடங்கியது. அவர்களுடைய டுடோரியலில் அட்மின் பக்கம் முடிந்த உடனே டெப்ளாய் வந்துவிடும். முகவரி, வியூ, டெம்ப்ளேட் எதுவும் அப்போது எழுதியிருக்க மாட்டோம். காட்ட ஒரு பக்கம்கூட இல்லாதபோதே தளத்தை இணையத்தில் ஏற்றச் சொல்கிறார்கள். அதற்குப் பிறகு எழுதுவதையெல்லாம் நண்பருக்கு அனுப்பிக் காட்டலாம். ஜாங்கோவின் சொந்த டுடோரியல் 8 பாகம் ஓடியும் டெப்ளாய் அதற்குள் வருவதில்லை, அது எப்படிச் செய்வது பகுதியில் தனியாகக் கிடக்கிறது. முடித்துவிட்டு ‘சரி, இதை எப்படி வெளியே காட்டுவது?’ என்று மாணவர்கள் கேட்பது ஒவ்வொரு முறையும் நடக்கிறது.

மரப்பாலம்:
இங்கே டெப்ளாய் என்றால் என்ன என்று பாருங்கள். இது நூலக மென்பொருள். நூலகரின் மேசையில் ஒரு கணினி, பக்கத்து அறையில் இன்னொன்று. இணைய ஹோஸ்டிங்கே தேவைப்படாது. மாணவர் என்ன செய்வார்? ஜாங்கோவின் சோதனை சர்வரான ரன்சர்வரை எல்லா முகவரிகளுக்கும் திறந்துவிட்டு, பக்கத்துக் கணினியிலிருந்து பார்ப்பார். அனுமதித்த முகவரிகளின் ‘அலவ்டு ஹோஸ்ட்ஸ்’ பட்டியலில் அந்த முகவரி இல்லாததால் ஜாங்கோ மறுக்கும். அதைச் சேர்ப்பார். பிறகு யாரோ சொன்னார்கள் என்று பிழை விவரங்களைக் காட்டும் டீபக் அமைப்பை அணைப்பார். உடனே அட்மின் பக்கம் நிறம், அமைப்பு எல்லாம் போய் வெறும் எழுத்தாக நிற்கும், ஏனென்றால் டீபக் அணைந்தால் நிறத்தையும் அமைப்பையும் தரும் ஸ்டாட்டிக் கோப்புகளை ரன்சர்வர் தராது. மென்பொருளே கெட்டுவிட்டது என்று நினைப்பார். அந்தக் கோப்புகளைத் தரும் ஒயிட்நாய்ஸ் பேக்கேஜைப் போட்டால் தீர்ந்துவிடும் விஷயம். ரன்சர்வரை நிஜப் பயன்பாட்டுக்கு வைக்கக் கூடாது என்பதும் அவருக்கு அப்போது தெரியாது. இதைத் தொடரின் எந்தப் பாகத்தில் வைத்தாலும் சரி, ‘அட்மின் பக்கம் வெறும் எழுத்தாகத் தெரிகிறது’ என்று தேடுபவருக்குக் கிடைக்கும் தனிப் பக்கமும் கட்டாயம் வேண்டும்.

சாரல்:
தலைப்பில் அந்தப் பிழைச் செய்தியை அப்படியே போடுங்கள், அண்ணா. நாங்கள் தேடுவது அதைத்தான்.

வேம்பு:
திட்டம் இப்போது இப்படி. முதலில் ஒரே தொடர், நான்கு பாகம்: நிறுவுதல் (விண்டோஸும் உபுண்டுவும் தனித்தனியாக), மாதிரி நூலகத்தை ஓட்டிப் பார்ப்பது, புத்தகத்துக்கு ‘நன்கொடையாளர்’ என்ற புலம் சேர்ப்பது (மைக்ரேஷன் இங்கேதான் வருகிறது), பக்கத்துக் கணினியில் திறப்பது. ஒவ்வொரு பாகத்தின் மேலும் எம்டிஎன் போல ஒரு கட்டம். அதோடு பிழைச் செய்தியையே தலைப்பாகக் கொண்ட சிறு பக்கங்கள், இப்போதைக்கு சாரலும் மரப்பாலமும் சொன்னவை மட்டும். உதாரணங்கள் எல்லாம் தனிக் கோப்புகளாக, டெஸ்ட்டோடு. மீதித் தலைப்புகளைத் தள்ளிவைக்கிறேன்.

வடகரை:
இது பராமரிக்கக்கூடிய அளவு. டெஸ்ட் எழுத நான் வருகிறேன்.

மரப்பாலம்:
எக்செல் பக்கத்தை மட்டும் தள்ளிவைக்காதீர்கள். நூலகத்தில் ஏற்கெனவே ஒரு பட்டியல் எக்செலில் இருக்கும். மாணவர் மென்பொருளைக் காட்டியதும் நூலகர் கேட்கும் முதல் கேள்வி அதுதான்.

கரிசல்:
இதில் நான் மரப்பாலம் பக்கம். ஆனால் தொடருக்குள் நுழைக்க வேண்டாம், நான்காம் பாகத்தின் கடைசியிலிருந்து ஒரு இணைப்புப் போதும். வேம்பு, நிறுவும் பாகத்தின் வரைவு தயாரானதும் எனக்கு அனுப்புங்கள். மாணவர்களை உட்காரவைத்து, நான் வாயே திறக்காமல், எங்கே நிற்கிறார்கள் என்று குறித்து அனுப்புகிறேன்.